ஊர் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி செல்வோருக்கு

வீட்டில் இறங்கியதும் முதலில் கேளுங்கள்: இந்தக் குழாயில் வருவது ஒகேனக்கல்லிலிருந்து குழாய் வழியே வரும் காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா? பல வீடுகளில் இரண்டும் ஒரே சம்ப்பில் விழுந்து, மோட்டாரில் மாடித் தொட்டிக்கு ஏறுகின்றன. அப்படியானால் குழாயில் வருவது கலப்புத் தண்ணீர். குடிக்க, சமைக்கத் தெருக்குழாய் இணைப்பிலிருந்து நேராகப் பிடித்து வைப்பதே நல்லது.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுவதால் வரும் பல், எலும்பு நோய்) தணிப்பும் இருப்பது இதனால்தான். இந்தியத் தரத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. நிறம், மணம், ருசி எதிலும் அது தெரியாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும்.

மூன்று வாரம் தங்கித் திரும்பும் ஆளை உடனே படுக்கவைப்பது கிருமி. ஃபுளோரைடு, ஆண்டுக்கணக்கில் அதே தண்ணீரைக் குடிக்கும் அம்மா அப்பாவின் எலும்பையும், ஊரில் வளரும் 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பல்லையும் பாதிக்கும். நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களிலேயே கிருமி, ஃபுளோரைடு இரண்டையும் சோதித்துவிடுங்கள்.

கிருமிக்கு முதல் சோதனை குளோரின். தண்ணீரில் சில சொட்டு ரசாயனம் விட்டு நிறத்தைப் பார்க்கும் குளோரின் கிட் வாங்கி, தெருக்குழாயிலும் சமையலறைக் குழாயிலும் தனித்தனியே பாருங்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தெருக்குழாயில் குளோரின் இருந்தும் சமையலறைக் குழாயில் இல்லாவிட்டால், சம்ப்பிலோ தொட்டியிலோ சேறு, பாசி, திறந்த மூடி என ஏதோ இருக்கலாம். தொட்டியைத் தேய்த்துக் கழுவும்வரை, குமிழி குமிழியாக ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆற்றிக் குடியுங்கள்.

ஃபுளோரைடுக்கு ஆய்வகம்தான் உறுதி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சிறு கட்டணத்துக்குப் பொதுமக்களின் மாதிரியையும் சோதிக்கிறார்கள். கிராமமாக இருந்தால் ஊராட்சியில் கேளுங்கள்; ஜல் ஜீவன் திட்டத்தில் கள ஆய்வுப் பெட்டியோடு பயிற்சி பெற்ற பெண்கள் இருப்பார்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ரசாயனச் சோதனைக்கு 2 லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும். எண்ணெய், குளிர்பானம் இருந்த கேன் வேண்டாம். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில் மட்டுமே. அதை அலசக் கூடாது. மூடியின் உட்புறத்தில் விரல் படாமல், மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். போர், தெருக்குழாய், சமையலறைக் குழாய் மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்து, எது எதுவென்று எழுதி ஒட்டுங்கள். முடிவில் ஃபுளோரைடு, நைட்ரேட் (லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள்), டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு), ஈ கோலி (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) ஆகியவற்றைப் பாருங்கள். ஈ கோலி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கையடக்க டிடிஎஸ் மீட்டரை நம்பி "தண்ணீர் நல்லது" என்று முடிவு கட்டாதீர்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும். 400 காட்டும் தண்ணீரிலும் ஃபுளோரைடு 2 இருக்கலாம். அந்த மீட்டர் உதவுவது ஆர்ஓ இயந்திரத்தைச் சோதிக்க. உள்ளே போகும் தண்ணீர் 800, வெளியே வருவது 80 அல்லது அதற்கும் கீழ் என்றால் மெம்பிரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) நன்றாக இருக்கிறது. 300, 400 என்று வந்தால் மெம்பிரேன் தேய்ந்திருக்கலாம்; அல்லது ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் திருகைத் திறந்துவிட்டிருக்கலாம். அந்தத் திருகு, ஆர்ஓ வழியே போகாத தண்ணீரையும் கலந்துவிடுகிறது, ஃபுளோரைடும் கூடவே வந்துவிடும். மெக்கானிக்கை வரவழைத்து அதை முழுவதுமாக மூடச் சொல்லுங்கள். யூவி (புற ஊதா ஒளி) மட்டும் உள்ள இயந்திரமும் கேண்டில் ஃபில்டரும் ஃபுளோரைடைத் தொடுவதே இல்லை.