பின்னால் நீல விளக்கு எரிந்தால்

லண்டனுக்கு வந்து மூன்றாவது மாதம். இரவு பதினொன்றரை மணியிருக்கும். ஹேங்கர் லேன் பக்கமாக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த சாம்பல் நிறக் காரின் முன்பக்கக் கம்பி வலைக்குள்ளிருந்து திடீரென்று நீல வெளிச்சம் வெட்டியது. அந்தக் காரில் பொலிஸ் என்ற எழுத்து எங்கும் இல்லை, கூரையில் விளக்கும் இல்லை. பக்கத்து வீதிக்குள் திருப்பி நிறுத்தினேன். அதன் பிறகு ஊரில், இலங்கையில், செய்வதையே செய்தேன்: கதவைத் திறந்து இறங்கி, பத்திரங்களைக் கையில் தூக்கிக்கொண்டு அவர்களை நோக்கி ஓடினேன். "காருக்குள் இரு!" என்று ஒரு சத்தம். மறுபடி உள்ளே போய்க் குந்தினேன். சீருடையில் வந்த பெண் அதிகாரி கண்ணாடியருகே குனிந்து, இடப்பக்கப் பின்விளக்கு எரியவில்லை என்றார். விடயம் அவ்வளவுதான். நாலு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். என் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

ஊரில் பொலிஸ் மறித்தால் சாரதி இறங்கிப் போக வேண்டும், போகாவிட்டால் அது திமிர். இங்கே இறங்கி ஓடி வருகிறவர்தான் அதிகாரியைப் பதற்றப்படுத்துகிறார். சோதனைச் சாவடிகளில் "இறங்கு" என்று சொல்லும் முன்பே இறங்கிப் பழகிய கால்களுக்கு இது புரிய நாளெடுக்கும். நம்மில் இன்னொரு பகுதியினருக்குப் பயம் எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. ஊரில் ஆட்களைக் கடத்திக்கொண்டுபோன, இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அடையாளமில்லாத வாகனம் பின்தொடர்ந்தால் கால் தானாக வேக மிதியை அழுத்தும். இரண்டுமே இங்கே வேண்டாம்.

முதலில் அந்தக் கார் எது என்று பார்ப்போம். இங்கிலாந்துப் பொலிஸின் வழக்கமான வாகனம் நீலமும் மஞ்சளும் சதுரம் சதுரமாகப் போட்டது, தூரத்திலேயே தெரியும். அதிவேகமாகப் போகிறவர்களையும், கைத்தொலைபேசி பார்த்தபடி ஓட்டுகிறவர்களையும், காப்புறுதி இல்லாதவர்களையும் பிடிக்க அடையாளமற்ற கார்களும் ஓடுகின்றன. அவற்றின் நீல விளக்குகள் முன் வலைக்குள்ளும் கண்ணாடிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். சைரனும் இருக்கும். நிறுத்தச் சொல்லும் முறையை வீதி விதிக்கோவையின் (Highway Code) 106ஆவது விதி சொல்கிறது: பின்னாலிருந்து நீல விளக்கு அல்லது முன்விளக்கை அடிப்பார்கள், சைரனோ ஹோர்னோ ஒலிப்பார்கள், கையாலோ இடப்பக்கச் சமிக்ஞை விளக்காலோ ஓரம்போகச் சொல்வார்கள். பாதுகாப்பான இடம் வந்தவுடன் நிறுத்தி இயந்திரத்தை அணைக்க வேண்டும் என்பதே உங்கள் கடமை.

சட்டத்தில் நமக்குப் பிடிமானமாக ஒரு சொல் இருக்கிறது: சீருடை. 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், 163ஆம் பிரிவு, ஓடும் வாகனத்தை நிறுத்தச் சொல்லும் பொது அதிகாரத்தைச் சீருடையில் இருக்கும் பொலிஸ் அதிகாரிக்குத்தான் கொடுக்கிறது. கார் அடையாளமற்றதாக இருக்கலாம், அதிலிருந்து இறங்கி வருகிறவர் சீருடையில் இருக்க வேண்டும். அதே பிரிவின்படி நிறுத்தாமல் போவது குற்றம், தண்டம் வரலாம். ஆகவே, சந்தேகமாக இருந்தது என்ற காரணத்துக்காக ஓடிவிட முடியாது.

ஓடுவதும் பாதுகாப்பான இடம் தேடிப் போவதும் பின்னால் இருப்பவருக்கு ஒன்றுபோலத் தெரியக்கூடாது. இந்த விடயத்தில் சூட்சுமமே இதுதான். வேகத்தைக் குறையுங்கள். இடப்பக்கச் சமிக்ஞையைப் போடுங்கள், தேவையென்றால் நான்கு விளக்குகளும் சேர்ந்து மின்னும் அபாய விளக்கையும் போடுங்கள். கண்டுவிட்டேன், நிற்கப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு மெதுவாக, வெளிச்சமும் ஆட்களும் உள்ள மிக அருகிலான இடத்துக்குப் போங்கள்: திறந்திருக்கும் பெற்றோல் நிலையம், சுப்பர் மார்க்கெட் வாசல், கடைகள் உள்ள வீதி. திடீரென்று குறுக்குச் சந்துக்குள் திருப்பாதீர்கள், விளக்கை அணைக்காதீர்கள். வீட்டுக்கே போய் நிறுத்தலாம் என்று ஐந்து மைல் ஓட்டினால் அதை யாரும் பாதுகாப்புத் தேடல் என்று ஏற்கமாட்டார்கள். வந்திருப்பவர் பொலிஸ் இல்லையென்றால் அவருக்கு உங்கள் வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகும்.

மனம் ஒப்பவில்லையா? இங்கத்தைய அவசர இலக்கமான 999ஐ அழையுங்கள். குடும்பக் குழுக்களில் மாறி மாறிச் சுற்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி, இப்படியான நேரத்தில் 112 என்ற "இரகசிய" இலக்கத்தை அழைத்தால்தான் பொலிஸ் உங்களைக் கண்டுபிடிக்கும் என்கிறது. அதில் ஒரு இரகசியமும் இல்லை. பிரித்தானியாவில் 112ஐ அழைத்தாலும் 999ஐ அழைத்தாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். அதே செய்தியின் அமெரிக்கப் பதிப்பில் வேறு இலக்கம் இருக்கும், அது இங்கே வேலை செய்யாது. ஊரின் பொலிஸ் இலக்கமான 119ஐயும் மறந்துவிடுங்கள்.

கைத்தொலைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் 200 பவுண் தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் 6 தண்டப் புள்ளிகளும் விழும். நிறுத்துவது பாதுகாப்பில்லாத உண்மையான அவசரத்தில் 999 அல்லது 112ஐ அழைப்பதற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. இருந்தாலும் கையில் எடுக்காமல் பேசும் வசதியைக் காரில் முன்கூட்டியே பொருத்திவிடுவது நல்லது, பதற்றத்தில் அதைத் தேட முடியாது.

என் மருமகள் பராமரிப்புப் பணியாளர். இரவில் முதியவர்களின் வீடு வீடாகப் போகிற வேலை. போன மாரிகாலத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு வீதியில் அவள் பின்னால் இப்படியொரு கார் வந்தது. அபாய விளக்கைப் போட்டு, இருபது மைல் வேகத்துக்குக் குறைத்து, 999க்குச் சொன்னாள். எந்தச் சேவை வேண்டும் என்று கேட்டார்கள், "பொலிஸ்" என்றாள். வீதியின் பெயர், தன் காரின் இலக்கம், பின்னால் வருவது எப்படிப்பட்ட கார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, அவளை இணைப்பிலேயே வைத்திருந்தார்கள். சற்று நேரத்தில், "ஆம், எங்கள் ஆட்கள்தான், பெற்றோல் நிலையம் வரை வருவார்கள், அங்கே நிறுத்துங்கள்" என்று பதில் வந்தது. அங்கே இறங்கிய அதிகாரி முகம் சுளிக்கவில்லை. சரியாகச் செய்தாய் என்று சொன்னாராம். எல்லா அதிகாரியும் அப்படிக் கனிவாக இருப்பார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் அந்த அழைப்பு பதிவாகிறது, நீங்கள் தப்பி ஓடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ் இன்டர்பிரெட்டர்" என்ற இரண்டு சொல் போதும், கேளுங்கள்.

நிறுத்திய பிறகு கதவுகளைப் பூட்டியபடி, குரல் கேட்கும் அளவுக்கு மட்டும் கண்ணாடியை இறக்குங்கள். கைகள் தெரியும்படி இருக்கட்டும். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, சாதாரண உடையில் வந்தவர் கேட்காமலே காட்ட வேண்டும். ஆனால் அட்டையோடு நம்பிவிடாதீர்கள். 2021 மார்ச் 3ஆம் தேதி இரவு, நம்மவர்கள் பலர் வாழும் ரூட்டிங்கிலிருந்து அதிக தூரமில்லாத கிளாப்பம் பகுதியில், சாரா எவரார்ட் என்ற பெண் வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் கடத்தப்பட்டு, பின்னர் கொல்லப்பட்டார். அவரைக் கைவிலங்கிட்டு வாடகைக் காரில் ஏற்றியவர் வெய்ன் கசன்ஸ், பணிநேரம் இல்லாத நேரத்தில் வந்த உண்மையான லண்டன் பொலிஸ்காரர். அவர் காட்டிய அட்டையும் உண்மையானது. பொலிஸ்காரரா என்ற கேள்விக்கு அட்டை பதில் சொல்லும், இப்போது பொலிஸ் வேலையாகத்தான் வந்திருக்கிறாரா என்ற கேள்விக்குக் கட்டுப்பாட்டு அறைதான் பதில் சொல்ல முடியும்.

அந்தக் கொலைக்குப் பிறகு ஆபத்தில் இருக்கும் பெண் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தலாம் என்று லண்டன் பொலிஸ் அறிவுரை சொல்லி, நாடே கடிந்துகொண்டது. பின்னர் உருப்படியான ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: சாதாரண உடையில் தனியாக இருக்கும் அதிகாரி, கட்டுப்பாட்டு அறையில் சீருடையில் இருப்பவரைக் காணொளி அழைப்பில் எடுத்து, தன்னை உறுதிப்படுத்திக் காட்ட வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்களே 999ஐ அழைத்துக் கேளுங்கள். அவர் சொல்லும் வேறு இலக்கத்தை அழைக்க வேண்டாம். உறுதியாகும் வரை அவருடைய காரில் ஏறவும் வேண்டாம்.

சீருடை அதிகாரி என்று உறுதியானபின் அவர் உங்களிடம் பெயர், முகவரி, பிறந்த தேதி, அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஆகியவற்றைக் கேட்கலாம். பத்திரம் கையில் இல்லையென்றால் ஏழு நாளுக்குள் ஒரு பொலிஸ் நிலையத்தில் காட்டும்படி சொல்வார்கள். இதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரம் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே செல்லும். அதை இங்கத்தைய பத்திரமாக மாற்றித்தர மாட்டார்கள், பரீட்சை எழுதி ஓடிக்காட்டித்தான் எடுக்க வேண்டும். பதின்மூன்றாம் மாதத்தில் பிடிபட்டால் காப்புறுதியும் கைவிட்டுப் போகலாம். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 300 பவுண், 6 புள்ளிகள், அத்தோடு காரையும் அந்த இடத்திலேயே பறிமுதல் செய்யலாம். இலக்கத்தகட்டைப் படிக்கும் கெமராக்கள் எங்கும் இருப்பதால், நண்பனின் காரைச் சும்மா ஒரு தடவை எடுத்தேன் என்ற கதை எடுபடாது.

காசு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இங்கே முகவரி உள்ளவரிடம் வீதியோரத்தில் தண்டப்பணம் வாங்கும் வழக்கம் இல்லை, அறிவித்தல் தருவார்கள், பிறகு கட்டலாம். கையில் காசு கேட்பவர் பொலிஸ் இல்லை என்றே எடுத்துக்கொண்டு 999ஐ அழையுங்கள். நீங்களாக நோட்டை நீட்டினாலோ, அதுவே பின்விளக்கைவிடப் பல மடங்கு பெரிய குற்றம்.

அதிகாரி மரியாதைக் குறைவாக நடந்தால் அங்கேயே வாதாட வேண்டாம். தோளில் இருக்கும் எழுத்தும் இலக்கமும், நேரம், வீதியின் பெயர் ஆகியவற்றை அவர் போன கையோடு குறித்துக்கொள்ளுங்கள். பொலிஸ் பிரிவின் இணையத்தளத்திலேயே முறைப்பாடு செய்யலாம். என் பின்விளக்கை மறுநாள் காலை எட்டு மணிக்கு மாற்றினேன்.