நாயின் சிறு காயம்: களிம்பு டியூபைத் திறக்குமுன் நடக்கும் தவறுகள்

தீபாவளி வெடிக்கு மிரண்டு சுவரேறிக் குதித்த நாய், விடிந்ததும் கேட் பக்கம் நொண்டிக்கொண்டு நிற்கும். முன்காலில் ரேசர் கம்பி கிழித்த ஒரு கோடு. சுற்றிலும் காய்ந்த ரத்தத்தில் ஒட்டிப்போன முடி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில், நவம்பர் 5 அன்று வெடி வெடிக்கும் கை ஃபாக்ஸ் இரவு தாண்டும்வரை இந்தக் காட்சிக்குக் குறைவிருக்காது. வீட்டில் யாராவது குளியலறை அலமாரியிலிருந்து ஒரு டியூபை எடுத்துவந்து, முடிக்கு மேலேயே பிதுக்கித் தேய்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று கை கழுவப் போவார்கள்.

காயம் ஆறுவதில் களிம்பின் பங்கு சிறியது. நன்றாகக் கழுவுவதும், நாயின் நாக்கை அங்கே எட்டவிடாமல் தடுப்பதும்தான் பெரிய வேலை. கழுவாத காயத்தில் களிம்பு பூசினால், அழுக்கையும் கிருமியையும் உள்ளே வைத்து மேலே மூடி போட்டதாகத்தான் ஆகும்.

எல்லாத் துளையும் சிறு காயம் அல்ல

தோல் மட்டும் உரிந்த சிராய்ப்பு, இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும் ஆழமில்லாத கீறல், தேய்ந்த பாதத்தின் மேல்தோல்: இவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். விளிம்பு பிரிந்து உள்ளே கொழுப்போ தசையோ தெரிந்தால் தையல் வேண்டும். அதில் களிம்பு பூசிக்கொண்டு போனால், தைக்குமுன் அதை வழித்துக் கழுவும் வேலைதான் மருத்துவருக்குக் கூடும். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லையென்றால் உடனே கிளம்புங்கள். நடுநடுவே துணியை எடுத்துப் பார்க்காதீர்கள். உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வரும்.

பலரை ஏமாற்றுவது கடிகாயம். நாயின் தோல் உடம்போடு இறுக ஒட்டாமல் தளர்வாக இருக்கும். இன்னொரு நாய் கோரைப்பல்லால் கவ்வி உதறும்போது தோல் நழுவிக்கொடுக்கும், உள்ளே தசை கிழியும். வெளியே தெரிவது மிளகளவு ஓட்டை மட்டும். அந்த ஓட்டையைக் களிம்பால் அடைத்தால் உள்ளே இறங்கிய கிருமி வெளிவர வழியில்லாமல், இரண்டு முதல் ஐந்து நாளில் கட்டியாகி சீழ் கோக்கும். ஆகவே கடிகாயம் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் உள்ளுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். தோட்டத்தில் தவளை தேடி வரும் நைட் அடர் பாம்பு கடித்த இடமும் முதலில் இப்படித்தான் இருக்கும். மூக்கோ காலோ வேகமாக வீங்கினால் டியூபைத் தேடாமல் வண்டிச் சாவியைத் தேடுங்கள்.

டர்பன் இருக்கும் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் (வெறிநோய்) இன்னும் நாய்களிடையே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஊர் பேர் தெரியாத நாய் உங்கள் நாயைக் கடித்திருந்தால், கடித்த நாயின் எச்சில் அந்த முடியிலும் காயத்திலும் இருக்கும். வெறுங்கையோடு தொடாதீர்கள், ரப்பர் கையுறை போடுங்கள். உங்கள் கையில் பல் பட்டாலும், ஏற்கனவே இருக்கும் புண்ணில் எச்சில் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போங்கள். அரசுக் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்ல வேண்டும். நாயின் தடுப்பூசி அட்டையை அப்போதுதான் தேடும் வீடுகள் நிறைய. இந்நாட்டில் நாய்க்கு ரேபிஸ் ஊசி போடுவது சட்டக் கட்டாயம்.

கொப்புளம் போலிருக்கும் புட்ஸி

வயிற்றிலோ பாதத்திலோ கொப்புளம் போல ஒரு வீக்கம், நடுவில் குண்டூசி முனையளவு துளை. கூர்ந்து பார்த்தால் துளைக்குள் ஏதோ அசையும். இது புட்ஸி ஈயின் புழு. ஈரத் துணியிலும் மணலிலும் முட்டையிடும் ஈ அது; பொரித்த புழு தோலைத் துளைத்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். கிருமிநாசினிக் களிம்பை எத்தனை நாள் பூசினாலும் அது சாகாது. பிதுக்கினால் புழு உள்ளேயே நசுங்கி வீக்கமும் சீழும் அதிகமாகும். வாசலினைத் தடிமனாக அப்பித் துளையை அடைத்தால் மூச்சுக்காகப் புழு மேலே வரும். அப்போது இருபக்கமும் மெதுவாக அழுத்தி முழுதாக எடுத்து, பிறகு அந்தக் குழியைக் கழுவ வேண்டும். ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால், அல்லது குட்டியாக இருந்தால், மருத்துவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கழுவும் முறை

வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையும் கடிக்கும். காஸ் பட்டையை மூக்கின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழ் குறுக்காக்கி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டால் தற்காலிக வாய்க்கட்டு ரெடி. மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், பக் மாதிரி சப்பை மூக்குக்காரருக்கும் இது கூடாது.

அடுத்தது முடி. கத்தரியால் நேராக வெட்டினால் துண்டு முடியெல்லாம் காயத்துக்குள் விழும். ஒவ்வொரு முடியும் உள்ளே கிடக்கும் குச்சி மாதிரிதான். முதலில் தண்ணீரில் கரையும் ஜெல்லைக் காயத்தில் நிறைய வைத்துவிட்டு, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு முடியைக் குறையுங்கள். விழும் முடி ஜெல்லில் ஒட்டி, கழுவும்போது சேர்ந்து போய்விடும். இந்த வேலைக்கு வாசலின் ஆகாது. அது கரையாமல் அங்கேயே நிற்கும்.

கழுவ உப்புநீர் போதும். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி. கைக்கு வந்தபடி உப்பைக் கொட்டினால் எரியும், நாய் மறுமுறை அருகில் வராது. ஊசி மாட்டாத 20 மில்லி சிரிஞ்சால் பீய்ச்சுங்கள். ஒரு சிறு கீறலுக்குப் பத்துச் சிரிஞ்சாவது செலவாக வேண்டும். பஞ்சால் துடைக்காதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும். உப்புநீர் போட நேரமில்லையென்றால் வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிடலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

எந்த பாட்டில், எவ்வளவு

கிருமிநாசினியை நீர்க்காமல் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. காரம் கூடினால் கிருமி சீக்கிரம் சாகும் என்று நினைப்பு. கிருமியோடு புதிதாக வளரும் செல்லும் சேர்ந்து சாகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசல் என்றால், 25 மில்லியை எடுத்து மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி கொதித்து ஆறிய நீர் சேர்த்தால் 0.05 சதவீதம் கிடைக்கும். அதற்குமேல் வேண்டாம். இதை உப்புநீரில் கலக்காதீர்கள், நாளாக ஆகப் படிவு விழும். முன்னதாகச் சோப்பால் கழுவியிருந்தால் சோப்பு முழுதும் போகும்வரை அலசுங்கள். சோப்பு குளோர்ஹெக்சிடினின் வேலையைக் கெடுத்துவிடும். கையைத் தேய்த்துக் கழுவுவதற்கென்று விற்கும் நுரைக்கும் வகை காயத்துக்கு உரியதல்ல. கண்ணுக்கு அருகிலும் காதுக்குள்ளும் குளோர்ஹெக்சிடின் வேண்டாம்: விழிவெண்படலத்தைப் புண்ணாக்கும், செவிப்பறை கிழிந்திருந்தால் கேட்கும் திறனைக் கெடுக்கும்.

பெட்டாடைன் போன்ற 10 சதவீதப் போவிடோன் அயோடின் என்றால் ஒரு லிட்டருக்கு 10 மில்லி. மிக லேசாகப் போட்ட ரூய்போஸ் என்னும் செந்நிற மூலிகைத் தேநீரின் நிறம் வந்தால் அளவு சரி. ரத்தமும் சீழும் அயோடினைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் கழுவிய பிறகுதான் இது. குளோர்ஹெக்சிடினையும் அயோடினையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவதில் லாபமில்லை. ஏதாவது ஒன்று போதும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பது மனதுக்கு நிறைவாக இருக்கும், காயத்துக்கு நஷ்டம். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் அப்படியே. டெட்டால், தண்ணீரில் பால்போல் வெளுப்பது, நக்கினால் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். வாய்க்காலுக்கு ஊற்றும் ஜெய்ஸ் ஃப்ளூயிடைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தோல் வெந்துபோகும், உள்ளே போனால் நஞ்சு.

களிம்பின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

மனிதனுக்குப் பூசினால் அது தோலில் நிற்கும். நாய்க்குப் பூசியது சற்று நேரத்தில் வயிற்றில் இருக்கும். களிம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்தக் கணக்கில்தான். குழந்தைக்கு நாப்கின் புண்ணில் தடவும் களிம்பில் ஜிங்க் ஆக்சைடு இருக்கும். நிறைய நக்கினால் வாந்தி, மேலும் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். லிடோகெய்ன், பென்சோகெய்ன் என ‘கெய்ன்’ என்று முடியும், மரத்துப்போகச் செய்யும் மருந்துகள், டீ ட்ரீ எண்ணெய், ஃபீனால் எதுவும் கூடாது. பாட்டி வைத்திருக்கும் பச்சை டப்பா ஜாம்-பக்கில் கற்பூரமும் யூகலிப்டஸும் உண்டு. அதையும் தள்ளி வையுங்கள். பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பு சிவப்பைக் குறைத்து, ஆறுவதைத் தாமதமாக்கும். சோரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால், தோல் புற்றுக்கான ஃப்ளூரோயூராசில் இரண்டும் சிறிதளவு உள்ளே போனாலே நாயின் உயிரை எடுக்கும். அந்த டியூப்கள் நாய் கடிக்க முடியாத உயரத்தில் இருக்கட்டும். வலிக்கு என்று ஐபுபுரோஃபெனோ பாரசிட்டமாலோ கொடுக்கும் யோசனையையும் இதோடு சேர்த்துக் கைவிடுங்கள்.

ஐந்து ராண்ட் நாணயம் அளவு காயத்துக்குப் பட்டாணியளவு களிம்பு, தோல் பளபளக்கும் மெல்லிய படலமாக. நாளுக்கு இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் பழையதைக் கழுவிவிட்டு. கேக்குக்கு ஐசிங் போடுவதுபோல அப்பினால் டர்பன் புழுக்கத்தில் உள்ளே ஊறி வெளுத்து, மண்ணும் ஒட்டும்.

மஞ்சள்தூள் விஷயத்தில் மனத்தாங்கல் வரலாம், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: சமையலறை டப்பாவில் இருக்கும் மஞ்சள் கிருமியற்றது அல்ல, துகள் காயத்துக்குள் தங்கிவிடும். ரத்தம் நிற்கக் காப்பித்தூள் வைப்பது அதைவிட மோசம். காஃபீன் நாய்க்கு நஞ்சு. வேப்பிலைக்குப் பதிலாக இங்கே பலர் பறிக்கும் சிரிங்கா, வேம்பின் உறவு மரமே தவிர வேம்பு அல்ல. அதன் காய் நாயைக் கொல்லக்கூடியது. அரைத்துப் பூசாதீர்கள்.

நாக்கு, கட்டு, ஈ

"நாய் நக்கினால் ஆறும்" என்பது பாதிதான் உண்மை. சொரசொரப்பான நாக்கு புதிய தோலை உரித்துக்கொண்டே இருக்கும், வாயில் உள்ள கிருமியும் சேரும். களிம்பு பூசியதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடத்திக்கொண்டோ சாப்பிடக் கொடுத்தோ கவனத்தைத் திருப்புங்கள். மற்ற நேரத்தில் கூம்புக் காலர். அதன் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீள வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

கட்டுப் போடாமல் விடுவது பல சமயம் நல்லது. பாதத்துக்குக் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நடு விரல்கள் இரண்டின் நுனி வெளியே தெரியட்டும். அந்த நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கினாலோ விரல் குளிர்ந்தாலோ கட்டு இறுகிவிட்டது என்று பொருள். உடனே அவிழ்க்க வேண்டும். மழைக்கு வெளியே போகும்போது பிளாஸ்டிக் பை சுற்றலாம், உள்ளே வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

கோடையில் ஈக்கு ஒரு திறந்த காயம் போதும். முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். காலையும் மாலையும் முடியை விலக்கிப் பாருங்கள். கோ-ஆப் எனப்படும் விவசாயக் கூட்டுறவுக் கடைகளில் பூச்சிக்கொல்லி கலந்த புண் களிம்பும் ஸ்ப்ரேயும் கிடைக்கும். அதில் சைபர்மெத்ரின் இருந்து, வீட்டில் பூனையும் நாயோடு படுத்துத் தூங்கினால், பூனைக்கு ஆபத்து. புண்ணில் பூசும் ஊதா நிற மருந்துக்கு வேறொரு குறை: எல்லாம் ஊதாவாகிவிட்டால் சிவப்பு பரவுவது கண்ணில் படாது.

இரண்டு நாளில் சிவப்பு விரிந்தால், நாற்றம் வந்தால், தொட்டால் சூடாக இருந்தால், நாய் சாப்பாட்டை மோந்துவிட்டுப் போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணி பிடுங்கிய இடம் சரியாக ஆறிவிட்டது, ஆனால் நாய் சோர்ந்து ஈறு வெளுத்திருக்கிறது என்றால் அது உண்ணி பரப்பும் பிலியரி என்ற ரத்த நோயாக இருக்கலாம். அன்றே போக வேண்டும்.

காயம் வற்றி, விளிம்பிலிருந்து இளஞ்சிவப்புத் தோல் உள்நோக்கி வந்துவிட்டால் களிம்பை நிறுத்திவிடலாம். பொருக்கைப் பிய்க்காதீர்கள். கூம்பை மட்டும் இன்னும் இரண்டு நாள் விட்டுவையுங்கள். ஆறும் தோல் அரிக்கும், அப்போதுதான் நாய் விடாமல் நக்கும்.