உயிரோடு இருப்பவரைக் காலஞ்சென்றவராக்காமல் வசனம் எழுதுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் ரைப் செற்றிங் செய்கிறேன். கல்யாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், ரியூசன் விளம்பரம், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு (இறந்தவரின் நினைவு மலர்) என்று எல்லாம் என் கையால்தான் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு மரண அறிவித்தலில் இப்படி அடித்துவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

"அன்னார் காலஞ்சென்ற செல்லத்துரை, பராசக்தி, குணரத்தினம் ஆகியோரின் அன்புச் சகோதரரும்…"

அடுத்த நாள் கடை திறக்க முதலே ஒரு அக்கா வாசலில் நின்றா. "தம்பி, பெரிய மாமா மட்டும்தான் முந்திப் போனவர். அம்மா வீட்டிலை இருக்கிறா. நோட்டீஸைப் பாத்திட்டு, 'என்னையும் சேத்து அனுப்பிப்போட்டாங்களோ' எண்டு கேக்கிறா."

அந்த வசனத்தில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழையும் இல்லை. "காலஞ்சென்ற" நின்ற இடம்தான் பிழை. அது பக்கத்திலுள்ள ஒரு பெயரோடு நிற்கிறதா, மூன்றையும் கட்டிக்கொண்டு போகிறதா என்று வாசிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பெயர்களின் வரிசையை மாற்றினாலே போதும்: "பராசக்தி, குணரத்தினம், காலஞ்சென்ற செல்லத்துரை ஆகியோரின் அன்புச் சகோதரரும்." மூவருமே இல்லையென்றால் "காலஞ்சென்றவர்களான" என்று தொடங்க வேண்டும். நல்ல அச்சகங்களில் இதை முதல் நாளே சொல்லித் தருவார்கள். எனக்கு அந்த அக்கா சொல்லித் தந்தா.

அதன் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைக் கீழே தருகிறேன். சனசமூக நிலையத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள், கட்டுரை எழுதத் தொடங்கும் பிள்ளைகள், முகநூலில் நீளமாக எழுதிவிட்டுப் பின்னூட்டத்தில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் செய்து பார்க்கலாம். ஒரு பேனை, பாவித்த தாள், கத்தரிக்கோல் போதும்.

படி 1: வசனத்தை வெட்டுங்கள்

உவமையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கத்தரிக்கோலால் வெட்டச் சொல்கிறேன். வசனத்தைத் தாளில் எழுதித் துண்டு துண்டாக்குங்கள்.

அம்மா / தம்பிக்கு / நேற்று / திருநெல்வேலிச் சந்தையில் / கறுத்தக்கொழும்பான் மாம்பழம் / வாங்கினா

"கறுத்தக்கொழும்பான் மாம்பழம்" ஒரே துண்டு, அதைப் பிரிக்கக்கூடாது. "வாங்கினா" கடைசியில் இருக்கட்டும். மற்றத் துண்டுகளை மேசையில் முன்னும் பின்னுமாக நகர்த்திப் பாருங்கள். எப்படி வைத்தாலும் வாங்கியது அம்மாதான், கிடைத்தது தம்பிக்குத்தான். "கு", "இல்", "ஐ" போன்ற உருபுகள் யார் யாருக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் நாயும் மனிதனும் இடம் மாறினால் கடித்தவரே மாறிவிடுவார். தமிழில் "நாய் மனிதனைக் கடித்தது" என்றாலும் "மனிதனை நாய் கடித்தது" என்றாலும் ஊசி போடப் போகிறவர் ஒருவர்தான்.

இந்தச் சுதந்திரம் உருபு இருக்கும் வரைக்கும்தான். "பூனை எலி பிடித்தது" என்று "ஐ" இல்லாமல் எழுதினால் எலி வினையை ஒட்டியே நிற்க வேண்டும். "எலி பூனை பிடித்தது" என்று மாற்றிப் பாருங்கள், ஊரே சிரிக்கும். பழைய உரையாசிரியர்கள் இதற்கு "புலி கொல் யானை" என்று ஒரு உதாரணம் வைத்திருக்கிறார்கள். புலி கொன்ற யானையா, புலியைக் கொன்ற யானையா? இப்படி இரண்டு பக்கமும் சாயும் சொல்லுக்குத் தடுமாறு தொழிற்பெயர் என்று பெயர். ஒரு "ஐ" சேர்த்தால் தடுமாற்றம் போய்விடும். உருபை மிச்சம் பிடிக்காதீர்கள், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

படி 2: வினைகளை எண்ணுங்கள், ஒவ்வொரு துண்டிடமும் "நீ ஆரின்ரை ஆள்?" என்று கேளுங்கள்

எனக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் பாதிக்கு மேல் குழம்புவது இந்த இடத்தில்தான். ஆகவே கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

"நேற்றுக் கொழும்பிலிருந்து வந்த மாமாவைச் சந்தித்தேன்."

இதில் இரண்டு வினை: வந்த, சந்தித்தேன். "நேற்று" எதன் ஆள்? மாமா நேற்று வந்தாரா, நான் நேற்றுச் சந்தித்தேனா? தமிழில் வசனத்தின் முக்கிய வினை கடைசியில் நிற்கிறது. அதற்கு முன்னால் "வந்த", "போன", "செய்த" என்று ஒரு பெயரெச்சம் நின்றால், முன்னாலிருக்கும் காலச் சொல்லை அது தன் பக்கம் இழுத்துவிடும். கிட்ட நிற்கிற வினைக்குத்தான் கை எட்டும்.

எனவே ஒவ்வொரு துண்டையும் அதனதன் வினைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள்.

சந்தித்தது நேற்று என்றால்: "கொழும்பிலிருந்து வந்த மாமாவை நேற்றுச் சந்தித்தேன்."
வந்தது நேற்று என்றால்: "கொழும்பிலிருந்து நேற்று வந்த மாமாவைச் சந்தித்தேன்."

மாமா விசயத்தில் பிழைத்தால் நட்டமில்லை. இதைப் பாருங்கள்:

"அவர் 2010 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார்."

நூலகம் எரிக்கப்பட்டது 1981 இல் என்பது எழுதியவருக்குத் தெரியும். எங்கள் ஊரில் வாசிக்கிறவர்களுக்கும் தெரியும். அதனால் இங்கே யாரும் தடுக்கி விழமாட்டார்கள். ஆனால் ரொறன்ரோவில் வளர்கிற ஒரு பிள்ளை இந்த வசனத்திலிருந்து 2010 என்று குறித்துக்கொண்டு போனால் பிழை பிள்ளையில் இல்லை. "1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி அவர் 2010 இல் கட்டுரை எழுதினார்." ஆண்டு ஒவ்வொன்றும் தன் வினைக்குக் கிட்டப் போய்விட்டது. "அவர்" இடம் மாறியதையும் கவனியுங்கள்.

எழுவாய் முதலில்தான் வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழகியிருப்போம். அந்தப் பழக்கமே சில நேரம் காலை வாரும்.

"தாய் அழுதுகொண்டே ஓடிவந்த பிள்ளையைத் தூக்கினாள்."

அழுதது யார்? பிள்ளையென்றால், தாயைப் பின்னுக்குத் தள்ளுங்கள்: "அழுதுகொண்டே ஓடிவந்த பிள்ளையைத் தாய் தூக்கினாள்." தாயென்றால்: "ஓடிவந்த பிள்ளையைத் தாய் அழுதுகொண்டே தூக்கினாள்." எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவில் வேறொரு வினை புகுந்தால் எழுவாயைத் தூக்கித் தன் வினைக்குக் கிட்ட வைத்துவிடுவது என் வழக்கம். இந்த ஒன்றை மட்டும் பழகினாலே உங்கள் எழுத்து வடிவாகத் தெளிந்துவிடும்.

படி 3: அடைமொழி தன் பெயரைத் தொடட்டும்

"பழைய மாணவர் சங்கக் கட்டடம் திருத்தப்படும்."

பழைய மாணவர் சங்கம் என்றால் எங்களுக்கு விளங்கும், பாடசாலைக்குப் பாடசாலை இருக்கிறதே. ஆனால் "கட்டடம்" என்று ஒரு பெயர் கூடியதும் பழையது எதுவென்ற சந்தேகம் வந்துவிடும். பழைய மாணவர்களுடைய சங்கத்தின் கட்டடமா, அல்லது மாணவர் சங்கத்தின் பழங்கட்டடமா? முதலாவதென்றால் "பழைய மாணவர் சங்கத்தின் கட்டடம்" என்று "இன்" போட்டுப் பிரியுங்கள். இரண்டாவதென்றால் "மாணவர் சங்கத்தின் பழைய கட்டடம்". பெயர்கள் மூன்று நான்கு ஒட்டி நிற்கும்போது முன்னாலுள்ள அடைமொழி எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும்.

படி 4: வினைக்கு முன்னாலுள்ள கதிரை

தமிழ் வசனத்தில் வினைக்கு நேரே முன்னாலுள்ள இடம் ஒரு முதன்மைக் கதிரை. பேசும்போது எங்கள் குரல் தானாகவே அங்கேதான் அழுத்தும். கேள்விச் சொல்லும் பெரும்பாலும் அந்தக் கதிரையில்தான் போய் இருக்கும்: "சைக்கிளை ஆர் எடுத்தது?", "கூட்டம் எப்ப நடக்கும்?" ஆகவே உங்கள் வசனம் எந்தக் கேள்விக்குப் பதிலென்று முதலில் யோசியுங்கள். அந்தப் பதிலை வினைக்கு முன்னால் இருத்துங்கள்.

என்ன நடக்கும் என்று கேட்டால்: "ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் பொதுக்கூட்டம் நடைபெறும்."
எங்கே என்று கேட்டால்: "ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டம் சனசமூக நிலையத்தில் நடைபெறும்."
வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றிவிட்டீர்கள், அதைத்தான் சொல்ல வேண்டும் என்றால்: "சனசமூக நிலையப் பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும்."

அதுவும் போதாதென்றால் வினையையே பெயராக்கி, முக்கியமானதைக் கடைசியில் நிறுத்தலாம்: "பொதுக்கூட்டம் நடைபெறுவது ஞாயிற்றுக்கிழமை." பேச்சில் இதை நாங்கள் நாளுக்கு நூறு தரம் செய்கிறோம். நல்லூர்த் திருவிழா 25 நாள் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் தேரைப் பற்றிக் கேட்டால் "24ஆம் நாள் நல்லூரில் தேர் ஓடும்" என்று யாரும் சொல்வதில்லை. "தேர் ஓடுறது 24ஆம் நாள்" என்பார்கள். எழுதும்போது மட்டும் ஏனோ இந்த வழக்கத்தைக் கைவிட்டுவிடுகிறோம். அளவோடு பாவியுங்கள், ஒரு பக்கத்தில் நாலைந்து தரம் வந்தால் சண்டைக்கு இழுப்பது போலிருக்கும்.

படி 5: மட்டும், தான், உம்

இவை ஒட்டுண்ணிகள். எந்தச் சொல்லில் ஒட்டுகின்றனவோ அதைத்தான் பிடிக்கும். ரியூசன் நோட்டீஸ் ஒன்று:

"தரம் 10 மாணவர்களுக்கு மட்டும் சனிக்கிழமை வகுப்பு."
"தரம் 10 மாணவர்களுக்குச் சனிக்கிழமை மட்டும் வகுப்பு."

முதலாவதைப் பார்த்தால் தரம் 11 பிள்ளை வீட்டில் நிற்கும். இரண்டாவதைப் பார்த்தால் தரம் 10 பிள்ளை ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொள்ளும். தேவையான சொல்லின் வாலில் ஒட்டுங்கள், அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், நகர்த்தித் தீராத குழப்பங்களும் உண்டு. "அவரைப் போல நான் பொய் சொல்லமாட்டேன்." அவர் அரிச்சந்திரனா, பொய்யரா? துண்டுகளை எப்படி அடுக்கினாலும் தெளியாது. இரண்டாக உடைக்க வேண்டியதுதான்: "அவர் பொய் சொல்வார். நான் சொல்லமாட்டேன்." "எல்லாரும் வரவில்லை" என்பதும் அதே சாதி. ஒருவரும் வரவில்லையா, சிலர்தான் வந்தார்களா என்று சொல்லையே மாற்றி எழுதுங்கள்.

படி 6: நீண்ட வசனத்துக்கு மரண அறிவித்தலைப் பாருங்கள்

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் மிக நீளமான வசனங்கள் இருப்பது அங்கேதான், ஆனாலும் வாசிக்கிறவர் வழிதவறுவதில்லை. "கொக்குவிலைப் பிறப்பிடமாகவும், கோண்டாவிலை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, பெயரைச் சொல்லி, "காலமானார்" என்று முடித்துவிடுவார்கள். முக்கிய செய்தி முடிந்தது, முற்றுப்புள்ளி. பிறகு "அன்னார்" என்று புது வசனம். மகனும், கணவரும், தந்தையும், சகோதரரும் என்று ஒரே அச்சில் வார்த்த துண்டுகள் ஒவ்வொன்றும் "உம்" என்ற கொளுக்கியில் தொங்கும். கடைசியில் "ஆவார்". இருபது பெயர் வந்தாலும் மூச்சு முட்டாது. கிரியை எப்போது, மயானம் எது என்பவற்றுக்கு வேறு வசனம்.

நீங்களும் அதையே செய்யலாம். நீளமான பட்டியல் வேண்டுமென்றால் எல்லாத் துண்டுக்கும் ஒரே முடிவு கொடுங்கள். பட்டியலல்லாத நீளம் என்றால் வெட்டுங்கள். வினை கடைசியில் வருவதால், அது வரும் வரைக்கும் வாசிப்பவர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

"கொமா போட்டால் சரியாகாதோ?" என்று கேட்பார்கள். தமிழ் அச்சில் குறியீடுகளைப் பழக்கியதில் எங்கள் நல்லூர் ஆறுமுக நாவலருக்குப் பெரிய பங்கு உண்டு, எனவே யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கொமாவைக் குறை சொன்னால் அடி விழும். கொமா நல்லதுதான். ஆனால் மரண அறிவித்தல் றேடியோவிலும் வாசிக்கப்படும், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டியும் சொல்லப்படும். றேடியோவில் கொமா தெரியாது. சொல் நின்ற இடம் மட்டும்தான் காதுக்குக் கேட்கும். அதனால் துண்டுகளை அடுக்கி முடிந்ததும் கொமாவைக் கையால் மறைத்துவிட்டு ஒருதரம் உரத்து வாசியுங்கள். எங்கே குரல் தடுமாறுகிறதோ அங்கே திரும்பவும் கத்தரிக்கோல்.

செய்யுளில் சொற்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டுப் பொருளை வாசிப்பவரே சேர்த்துக்கொள்ளலாம். அதற்கென்று எட்டு வகைப் பொருள்கோளே இருக்கிறது, அதில் ஒன்றின் பெயர் கொண்டுகூட்டு. புலவருக்கு அந்த உரிமை உண்டு. ரியூசன் நோட்டீசுக்கு இல்லை.

பயிற்சிக்கு ஒன்று

போன மாதம் ஒரு ஐயா கொண்டுவந்த தாளில் இருந்தது:

"கடந்த வெள்ளிக்கிழமை காணாமற்போன பசுவைச் சந்தைக்கருகில் கண்டதாகச் சொன்னவரைத் தொடர்பு கொள்ள விரும்புகிறோம்."

போனது, கண்டது, சொன்னது: வெள்ளிக்கிழமையை இழுக்க மூன்று வினை. வெட்டி, மூன்று விதமாகவும் எழுதிப் பாருங்கள். நான் எதை அடிப்பதென்று தெரியாமல் ஐயாவிடமே கேட்டேன். "மாடு போனது வியாழன், தம்பி. அந்தாள் கண்டதுதான் வெள்ளி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பிடியே அடியுமன்" என்றார். அப்படியே அடித்தேன்: "எமது பசு கடந்த வியாழக்கிழமை காணாமற்போனது. அதைச் சந்தைக்கருகில் வெள்ளிக்கிழமை கண்டதாகச் சொன்னவர் எம்மைத் தொடர்பு கொள்ளவும்."