போட்டோவைப் பார்த்து அரூப நிலக்காட்சி: ஏற்காட்டை வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் எடுத்த போட்டோவை வைத்து அரூப ஓவியம் (காட்சியை அப்படியே காட்டாமல் வடிவமும் வண்ணமுமாகச் சுருக்கும் ஓவியம்) வரைய உட்காருபவர்களை முதலில் ஏமாற்றுவது அந்தப் போட்டோதான். கைபேசியின் வழக்கமான லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. நேரில் ஓங்கி நிற்கும் மலை அதில் சின்ன மேடாகிவிடும். வானத்துக்கு ஏற்ப வெளிச்சம் வைத்தால் காபித் தோட்டத்து நிழல் கரியாகும். நிழலுக்கு ஏற்ப வைத்தால் மேகமும் அடிவாரத்து வெள்ளைக்கல் மேடுகளும் வெறும் வெள்ளைத் திட்டாகும். கேமரா செய்த இந்தக் குறைகளை இயற்கை என்று நம்பி நகலெடுக்கக் கூடாது. வானத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, மலையை மட்டும் இரண்டு மடங்கு ஜூமில் ஒன்று என மூன்று படங்கள் எடுங்கள். நிழலுக்குக் கறுப்பு டியூபைத் திறக்க வேண்டாம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் ஏறக்குறையச் சமமாகக் கலந்தால் ஆழமான, உயிருள்ள இருள் கிடைக்கும்.

நேரே கேன்வாஸுக்குப் போவது அடுத்த தவறு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். வெளிர், நடுத்தரம், இருள் என மூன்றே அளவுகளில், தீப்பெட்டி அளவுக் கட்டங்களில், மென்மையான பென்சிலால் ஐந்தாறு குறும்படங்கள் (சின்ன மாதிரி வரைவுகள்) போடுங்கள். மூன்று அளவுகளும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் பிடித்தால் படம் செத்துவிடும். ஒன்று பாதிக்கு மேல் பரவட்டும், இன்னொன்று அதில் பாதி, மூன்றாவது கொஞ்சமே இருக்கட்டும். மூடுபனி நாளென்றால் வெளிர் ஆளும், மாலையென்றால் இருள். அடிவானக் கோடு நட்டநடுவில் வந்திருந்தால் இங்கேயே மேலோ கீழோ தள்ளுங்கள். கேன்வாஸில் நகர்த்துவதைவிட இங்கே நகர்த்துவது எளிது.

இத்தனைக்கும் மேலான தவறு ஒன்று உண்டு: கடைசிவரை போட்டோவைப் பக்கத்திலேயே வைத்திருப்பது. கண் அதைப் பார்க்கப் பார்க்க, கை இலையும் கிளையும் போட்டுக்கொண்டே போகும். குறும்படம் தேர்ந்ததும் கைபேசியைக் கவிழ்த்துவிடுங்கள். பெரிய வடிவங்களை இரண்டு அங்குலத் தட்டைப் பிரஷால் குறும்படத்தைப் பார்த்து மட்டும் நிரப்புங்கள். இந்திய நவீன ஓவியர் ராம்குமார் 1960-களில் வரைந்த வாரணாசி ஓவியங்களில் படித்துறை வீடுகள் சாம்பலும் பழுப்புமான கோணல் துண்டுகளாக நிற்கின்றன. சன்னலும் கதவும் போன பிறகும் ஊர் போகவில்லை.

அரூபம் என்றால் மனம்போனபடி தெளிப்பது என்று நினைப்பவர்களும் உண்டு. அது இதற்கு நேரெதிரான பிழை. இந்த மலையில் பிடிமானம் தேவையான அளவு இருக்கிறது: காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் நெட்டுக்கோடுகள், அவற்றின் பின்னே கிடக்கும் மலையடுக்குகள், மேட்டுச் செம்மண். நெட்டுக்கோடுகளைச் சம இடைவெளியில் நட்டால் கம்பிவேலியாகிவிடும். மூன்றோ ஐந்தோ போதும். இரண்டை நெருக்கி ஒன்றை விலக்கி, ஒரு கோட்டைப் பனியில் கரைய விடுங்கள்.

பச்சையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டியூபிலிருந்து வரும் பச்சை, மலையைப் பிளாஸ்டிக்காக்கிவிடும். மஞ்சள் ஓக்கர் என்ற மண்மஞ்சளுடன் அல்ட்ராமரின் சேர்த்தால் அடங்கிய பச்சை வரும். இன்னும் அடக்க ஒரு நுனி பர்ன்ட் சியன்னா. தூரத்து மலைக்கு வெள்ளையை மட்டும் கூட்டுவது போதாது. இடையிலுள்ள காற்று சிதறடிக்கும் நீல ஒளி இருண்ட பகுதிகள்மேல்தான் அதிகம் தெரியும். அதனால் தூரம் கூடக்கூட நிழல்கள் முதலில் நீலமாகி வெளிறும். ஆக, பின்னடுக்குகளில் மஞ்சளைக் குறைத்து, இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்குங்கள். மூடுபனியும் சுத்த வெள்ளையல்ல. வெள்ளையில் மேற்சொன்ன நீல-பழுப்புக் கலவையைத் துளி சேர்த்து, அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்த பின் ஏறக்குறைய உலர்ந்த பிரஷால் தேய்த்து ஏற்றுங்கள். சுத்த வெள்ளையை ஒரே ஓர் இடத்துக்கு மிச்சம் வையுங்கள்.

அக்ரிலிக் வண்ணத்தில் வரைபவர்களுக்கு அதன் குணம் தெரியாமலும் வேலை கெடும். காய்ந்தால் நிறம் ஒரு படி இருளும். ஓரத்துத் தாளில் தடவி உலரவிட்டுப் பார்த்த பிறகே பெரிய பரப்பில் பூசுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் மெல்லிய பூச்சு சில நிமிடத்தில் இறுகும். மென்மையான விளிம்புக்கு நேரம் கிடைக்காது. மின்விசிறியை நிறுத்துங்கள், ஸ்பிரே புட்டியால் லேசாக நீர் தெளியுங்கள், கலவைத் தட்டில் ஈரத் துணிமேல் பட்டர் பேப்பர் விரித்து வண்ணம் வையுங்கள். அவசரத்தில் தண்ணீரை ஊற்றி இளக்காதீர்கள்: வண்ணத்தைப் பிடித்து வைக்கும் பசை நீர்த்து, பூச்சு பொடிபோல் உதிரலாம். இளக்க வேண்டுமானால் அக்ரிலிக் மீடியம் (நிறமில்லாத அதே பசை) சேருங்கள். தாளில் வரைபவர்கள் 300 ஜிஎஸ்எம்முக்குக் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) குறைந்த தாள் எடுத்தால் அலை அலையாகச் சுருளும்.

எங்கே நிறுத்துவது என்று தெரியாவிட்டால் கேன்வாஸைத் தலைகீழாக வைத்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள். கண் முதலில் போகும் இடம் ஒன்றுதானா? இரண்டு இடங்கள் போட்டி போட்டால், ஒன்றின் விளிம்பை மங்கலாக்கினால் போதும். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.