ஒரு 'ஓப்பன்', மூன்று ஸ்பானிஷ்

கடைகளைப் பட்டியலிடும் சின்ன ஆப் ஒன்றை ஸ்பானிஷுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் 'ஓப்பன்' இரண்டு இடங்களில் இருந்தது: கோப்பைத் திறக்கும் பட்டனில் ஒன்று, கடை திறந்திருப்பதைச் சொல்லும் பச்சை எழுத்தில் ஒன்று. மொழிபெயர்க்க வேண்டிய சொற்களை நிரலிலிருந்து திரட்டித் தரும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவி இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்துவிட்டது. நானும் யோசிக்காமல் 'அப்ரிர்' என்று போட்டேன். பட்டனுக்குச் சரி. ஆனால் கடையின் நிலை காட்டும் இடத்தில் 'திறக்க' என்று அரைகுறையாக நின்றது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் அதே சொல்லை இன்னொரு முறை எழுதிப் பார்த்தேன். ஒரே வரி இரண்டு முறை வருகிறது என்று பிழை காட்டியது. எதிர்பார்த்ததுதான்.

அப்புறம் நிரலுக்குள்ளேயே போய், கெட்டெக்ஸ்டின் பிஜெட்டெக்ஸ்ட் என்ற கட்டளை மூலம் ஒன்றுக்கு 'பட்டன்', மற்றதற்கு 'கடை நிலை' என்று சூழல் குறிப்பு கொடுத்தேன். இரண்டும் தனித்தனி வரிகளாக வந்தன. இரண்டாவதற்கு, 'திறந்திருக்கிறது' என்பதன் ஆண்பால் வடிவமான 'அபியெர்த்தோ' என்று எழுதி, உடனே அழித்தேன். ஸ்பானிஷ் கடைக் கதவுப் பலகையில் அப்படித்தான் தொங்கும். ஆனால் என் திரையில் பக்கத்திலேயே 'தியெந்தா' இருக்கிறதே! கடையைக் குறிக்கும் அந்தச் சொல் பெண்பால். ஆகவே 'அபியெர்த்தா'. ஓர் எழுத்துக்கு அரை நாள் போனது.