சிறு உதிரிகளைச் சேமிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் வீட்டில், ஒழுங்குபடுத்தும் ஆசை பெரும்பாலும் டப்பா வாங்குவதில்தான் தொடங்குகிறது. பல அறைகள் பிரித்த அழகான டப்பா ஒன்று வந்து சேரும். பிறகு அதை நிரப்பப் பொருட்களைத் தேடுவோம். நான்கைந்து எல்.இ.டி. விளக்குகளுக்கு ஓர் அறை, நூற்றுக்கணக்கான திருகுகளுக்கும் அதே அளவு அறை. முதலில் எல்லாவற்றையும் மேசையில் கொட்டிப் பிரித்து, எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த பிறகே டப்பாவின் அளவை முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் இது சின்னத் தவறுதான், பணத்தோடு போய்விடும். எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில் நேரும் தவறுகள் பொருளையே கெடுத்துவிடும். சில ஆளையும் பாதிக்கும்.

உறையைக் கிழித்துப் போடுவது

கடையிலிருந்து வந்த உறையில்தான் பொருளின் பெயரும் அளவும் இருக்கின்றன. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பொருளை மட்டும் டப்பாவில் கொட்டினால், சில மாதங்களில் அது என்னவென்று நமக்கே தெரியாது. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்3 திருகும், அமெரிக்க அளவில் 4-40 எனப்படும் 2.84 மில்லிமீட்டர் திருகும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் புரிகளின் இடைவெளி வேறு: முன்னதில் 0.5 மில்லிமீட்டர், பின்னதில் ஏறக்குறைய 0.64. ஒன்றுக்காகப் புரி போட்ட துளையில் மற்றதை அழுத்தித் திருகினால் துளை பாழாகும். நிறமற்ற மூடி கொண்ட எல்.இ.டி. சிவப்பா நீலமா என்பது எரிய வைத்தால்தான் தெரியும்.

மின் சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்களில் இந்தக் குழப்பம் ஆபத்தாகவே முடியலாம். காந்தல் (இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவை), நைக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவை), நிக்கல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாமே பளபளக்கும் வெள்ளி நிறக் கம்பிகள்தான். நிக்கலின் மின்தடை காந்தலைவிடப் பல மடங்கு குறைவு. கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாத கருவியில் காந்தல் என்று நினைத்து நிக்கலைச் சுற்றிவிட்டால், செல்லிலிருந்து பாயும் மின்னோட்டம் அதே அளவுக்குப் பெருகிவிடும். பெயர் தெரியாத கம்பியைப் பயன்படுத்தாமல் தூக்கி எறிவதே நல்லது.

உறையை வைத்துக்கொள்ள இடமில்லையென்றால், பெயர் அச்சிட்ட பகுதியை மட்டும் வெட்டி உள்ளே போடுங்கள். பெயர்ச்சீட்டை மூடியின் மேல் ஒட்டுவது பலர் செய்யும் பிழை. ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்களை ஒன்றாகத் திறந்தால் மூடிகள் இடம் மாறிவிடும். டப்பாவின் உடலில் ஒட்டுங்கள். வெப்பத்தால் அச்சாகும் ரசீது வகைச் சீட்டுகள் நாளடைவில் வெளுத்துவிடும். பென்சிலால் எழுதிய துண்டுக் காகிதம் வெளுக்காது.

அளவுக்கு மீறிப் பிரிப்பது

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மின்சுற்றில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை (ரெசிஸ்டர்) உதிரிகளை எடுத்துக்கொள்வோம். பரவலாகப் பயன்படும் இ12 வரிசையில் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் (10 முதல் 100 ஓம், 100 முதல் 1,000 ஓம் என) 12 மதிப்புகள். 10 ஓம் முதல் 1 மெகா ஓம் வரை 60-க்கும் மேற்பட்ட மதிப்புகள் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இழுப்பறை ஒதுக்கினால் சுவர் முழுக்க இழுப்பறைதான். வேலை முடிந்ததும் எதையும் திருப்பி வைக்க மனம் வராது. பத்து மடங்குக்கு ஓர் இழுப்பறை, அதற்குள் மதிப்புவாரியாகச் சிறு உறைகள் என்றால் போதும். எடுப்பதற்கு எளிதாக இருப்பதைவிடத் திருப்பி வைப்பதற்கு எளிதாக இருக்கும் ஏற்பாடுதான் நீடிக்கும் என்பது என் எண்ணம்.

பொருந்தாத அண்டை வீடுகள்

பிளாஸ்டிக் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பொருளை வைத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கை வளையும்படி ஆக்குவதற்கு எண்ணெய் போன்ற சேர்மங்களைக் கலக்கிறார்கள். அவை மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் என்ற கடினமான பிளாஸ்டிக்குக்குள் புகுந்து அதை இளக்கிவிடும். மாதிரிக் கார்களின் மென்மையான டயர்கள் சக்கரத்தையே தின்றுவிடுவதும், மீன்பிடிப் பொய்த்தீனிகள் டப்பாவின் அடியோடு ஒட்டிக்கொள்வதும், அழிப்பான் அளவுகோலில் பதிந்து தடம் விடுவதும் இதனால்தான். இவற்றைப் பாலிஎதிலீன் உறையில் தனியாகப் போட்டால் சிக்கல் இல்லை.

மரப்பெட்டி பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் எப்போதும் சரியல்ல. ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவியை வெளியிடும். ஈயம் கலந்த சிறு பொம்மைகளையும் கப்பல் மாதிரிகளின் பாகங்களையும் அந்த மரத்தாலான பெட்டியில் அடைத்து வைத்தால், அவற்றின் மேல் வெள்ளைப் பொடி பூத்து உலோகம் அரிக்கப்படும். அருங்காட்சியகங்கள் ஓக் அலமாரிகளைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்னணுச் சில்லுகளின் (ஐ.சி.) கால்களை வெள்ளைத் தெர்மோகோலில் குத்தி வைப்பதை இன்றும் பார்க்கிறேன். நேர்த்தியாகத்தான் தெரிகிறது. ஆனால் தெர்மோகோல் நிலைமின்னேற்றத்தை எளிதில் சேர்த்துக்கொள்ளும் பொருள். நம் விரலில் சுரீரென்று உணரப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். சில நுண்ணிய பாகங்கள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே சேதமடையும். மின்னணு உதிரிகளுக்கான இளஞ்சிவப்பு உறை தானாக மின்னேற்றம் அடையாது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. தடுப்பது சாம்பல்-வெள்ளி நிற உறை. கால் வைத்த சில்லுகளுக்கு மின்கடத்தும் கறுப்பு நுரை ஏற்றது.

உடனடிப் பசைக்கு (சூப்பர் க்ளூ) எதிரி ஈரம். மூடிய புட்டியைக் குளிரில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்தவுடன் திறந்தால் குளிர்ந்த புட்டிக்குள் நீர் படிந்து பசை இறுகிவிடும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதும் வீண். அது நிரம்பிவிட்டால் வெறும் மணல்தான். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது உலர்த்த வேண்டும் என்று தெரியும். நியோடிமியம் எனப்படும் மிக வலுவான காந்தங்களைப் பற்றி ஒரு வரி: சாதாரண வகைகள் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும்.

செல்களும் திரவங்களும்

இங்கே தாமதிக்காமல் சரிசெய்ய வேண்டிய தவறு, 18650 வகை லித்தியம் செல்களைத் திருகுகளோடும் சாவிகளோடும் உதிரியாகப் போட்டு வைப்பது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இந்தச் செல்லின் மேல்முனையைத் தவிர உலோக உடல் முழுவதும் எதிர்முனைதான். அதை மூடியிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை. மேல் விளிம்பில் உறை கிழிந்திருந்தால், ஒரு திருகு குறுக்கே விழுந்தாலே குறுஞ்சுற்று ஏற்படும். செல் கொதித்துத் தீப்பிடிக்கக்கூடும். ஒவ்வொரு செல்லும் தனித்தனிப் பிளாஸ்டிக் கூட்டில் இருக்க வேண்டும். உறை கிழிந்தால் புதிய உறை போடும்வரை பயன்படுத்தக் கூடாது. நெடுநாள் வைப்பதானால் முழு மின்னேற்றமான 4.2 வோல்ட்டில் வைக்காமல், பாதியளவில் வைத்தால் ஆயுள் நீளும்.

சி.ஆர்.2032 போன்ற பொத்தான் செல்களை ஒரு சிமிழில் குவித்து வைப்பதும் கூடாது. ஒன்றையொன்று தொட்டு மின்னிழப்பது ஒருபுறம் இருக்க, குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் தங்கி, உமிழ்நீர் வழியே மின்னோட்டம் பாய்ந்து 2 மணி நேரத்திலேயே கடுமையான அரிப்புப் புண்ணை உண்டாக்கும். வலுவான காந்தங்களை இரண்டோ அதற்கு மேலோ விழுங்கினால், அவை குடலின் மடிப்புகளை இடையில் நசுக்கித் துளையிடும். இவை இரண்டும் பூட்டிய இழுப்பறைக்கு உரியவை. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மின் சிகரெட்டில் ஊற்றும் நிகோட்டின் திரவமும் அப்படியே. அந்தப் பழக்கத்தைப் பற்றிய விவாதம் வேறு. வீட்டில் இருக்கிறதென்றால் அது நஞ்சு என்ற நினைவோடு வைக்க வேண்டும். பழ வாசனையும் வண்ணச் சீட்டும் குழந்தைகளை ஈர்க்கும். குழந்தைகள் திறக்க முடியாத மூடியுள்ள புட்டியிலிருந்து, வசதிக்காகப் பெயரில்லாத சிறு புட்டிக்கு மாற்றுவதைவிட மோசமான யோசனை இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் உணவுக்கு நடுவே வைப்பதும் அதே ரகம். தோல் வழியாகவும் நிகோட்டின் உடலில் சேரும் என்பதால் சிந்தினால் உடனே கழுவ வேண்டும். ஒளியும் காற்றும் பட்டால் திரவம் பழுப்பாகும். இருட்டான, குளிர்ந்த, உயரமான, பூட்டிய இடம் ஏற்றது. இலவங்கப்பட்டை, எலுமிச்சை வகைச் சுவையூட்டிகள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்காலான கலனில் விரிசல் விழச் செய்யும். ஆகவே அவற்றைக் கண்ணாடியில் வையுங்கள்.

தீர்ந்துபோன செல்களைப் 'பிறகு பார்க்கலாம்' என்று புதியவற்றோடு போட்டு வைக்கும் பழக்கமும் விட வேண்டியது. தீர்ந்த லித்தியம் செல்லிலும் மிச்ச மின்சாரம் உண்டு. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, உலோகமில்லாத தனி டப்பாவில் சேர்த்து, பேட்டரிகளை வாங்கிக்கொள்ளும் சேகரிப்பு இடத்தில் கொடுத்துவிடுங்கள். உப்பிப்போன தட்டைப் பேட்டரி இருந்தால், அந்த டப்பா நிறையும்வரை காத்திருக்க வேண்டாம்.