‘கருப்பா இருந்தாலும் களையா இருக்கா’: குழந்தைகள் காதில் விழும் சொற்களைத் திருத்துவது எப்படி?

நான்கு வயதுக் குழந்தை ஒருத்தி தன் குடும்பத்தைப் படமாக வரைகிறாள். முகங்களுக்கு வண்ணம் தீட்டும் நேரத்தில், “ஸ்கின் கலர் எங்கே?” என்று தேடி, வெளிறிய ரோஜா நிறக் குச்சியை எடுக்கிறாள். அதைப் பிடித்திருக்கும் அவளுடைய கை மாநிறம். அந்தக் குச்சியால் வண்ணம் தீட்டினால் அவள் வீட்டில் ஒருவர் முகம்கூடப் பொருந்தாது. ஆனாலும் அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை, ஏனெனில் அதன் பெயர் அப்படி. அமெரிக்காவின் வண்ணக் குச்சி நிறுவனமான கிரேயோலா, ‘சதை நிறம்’ என்ற பெயரை 1962லேயே ‘பீச்’ (பீச் பழத்தின் நிறம்) என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் ‘ஸ்கின் கலர்’ இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

கருப்பு அழகில்லை என்றோ, ஆண் பிள்ளை அழக்கூடாது என்றோ குழந்தையை உட்காரவைத்து யாரும் பாடம் நடத்துவதில்லை. நாம் கவனிக்காமல் உதிர்க்கும் சிறு சொற்களிலிருந்து அது தானாகவே விதிகளை உருவாக்கிக்கொள்கிறது. இரண்டரை, மூன்று வயதுக்குள் தான் ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரிந்துவிடுகிறது. அதன் பின் சில ஆண்டுகள் உடையையும் முடியையும் வைத்தே அதை முடிவு செய்வதால், முடியை வெட்டினால் அக்கா அண்ணனாகிவிடுவாளோ என்று ஒரு குழந்தை நிஜமாகவே கவலைப்படலாம். இந்த வயதில் அவர்கள் காட்டும் கறார்த்தனம் உலகத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியே என்பதால், அதற்காகத் திட்டுவதில் பயனில்லை. வளர்ந்தால் தானாக மாறிவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. அமெரிக்கக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஐந்து வயதுச் சிறுமிகள் தங்கள் பாலினத்தவரையும் ‘மிக மிகப் புத்திசாலி’ என்று தயங்காமல் கருதினார்கள். ஆறு வயதிலேயே அந்த எண்ணம் குறையத் தொடங்கியிருந்தது.

முதல் வேலை, ஒரு வாரம் எதையும் திருத்தாமல் காது கொடுத்துக் கேட்பது. வீட்டுக்கு வருபவர்கள் மகளிடம் முதலில் சொல்வது என்ன, மகனிடம் முதலில் கேட்பது என்ன என்று குறித்துவையுங்கள். பெரும்பாலும் மகளுக்கு “கவுன் அழகா இருக்கே” என்பதும், மகனுக்கு “என்ன விளையாடினே?” என்பதும் கிடைக்கும். உங்கள் வாயிலிருந்து வருவதையும் அதே பட்டியலில் எழுதுங்கள். அதைப் படிக்கத்தான் சற்றுச் சங்கடமாக இருக்கும்.

நம் வீடுகளில் எளிதில் அசையாதது நிறம் பற்றிய பேச்சு. கருவுற்றவளுக்குக் குங்குமப்பூப் பால் கொடுப்பதில் தொடங்கி, “கலர் கொஞ்சம் கம்மி” என்று தொட்டிலருகே முணுமுணுப்பது வரை அது நீள்கிறது. (குங்குமப்பூ பாலின் நிறத்தை மாற்றும்; பிள்ளையின் நிறத்தை மாற்றாது.) ஒரு பிரபல முகப்பூச்சு 2020ஆம் ஆண்டு தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது, நம் பேச்சு இன்னும் எடுக்கவில்லை. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் “கருப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்ற பாராட்டைக் கவனியுங்கள். அதில் ‘களை’யைவிட ‘இருந்தாலும்’ என்பதே குழந்தையின் மனத்தில் தங்கும். கருப்பு ஒரு குறை, களை அதற்கு ஈடு என்பதே அதன் பொருள். “பொண்ணுங்களும் கணக்குப் போடுவாங்க” என்பதிலுள்ள ‘உம்’மும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டையும் வெட்டிவிட்டு, “களையா இருக்கா”, “அவங்க கணக்குல கெட்டி” என்று நிறுத்துங்கள்.

திருமண வீட்டில் ஒரு பெரியவர் குழந்தையின் எதிரிலேயே நிறத்தை எடைபோட்டால், அவரோடு வாதாடுவதைவிடக் குழந்தைக்குக் கேட்கும்படி பதில் சொல்வது நல்லது: “ஆமா அத்தை, அப்படியே அவ அப்பத்தா நிறம். எங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.” வருத்தமோ கோபமோ குரலில் தெரியாமல் சொல்ல வேண்டும். உங்கள் முகம் சுருங்கினால், அது ஏதோ மறைக்க வேண்டிய சங்கதி என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். காரணம் கேட்டால், தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது, அது சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு, அம்மா அப்பா வழியில் வருவது என்று சொன்னால் ஐந்து வயதுக்குப் போதும்.

ஆண் பிள்ளைகளுக்கு நம்மிடமே ஒரு நல்ல சான்று இருக்கிறது. குலதெய்வம் கோயிலில் மொட்டை போடும் முன், வளர்ந்த முடியைப் பின்னி, பூவைத்து, பாவாடை சட்டை போட்டுப் பையன்களைப் படம் எடுத்துவைப்பது பல குடும்பங்களில் உண்டு. அதே பையன் நான்கு வயதில் அக்காவின் வளையலை மாட்டினால், “பொட்டப்புள்ளையாடா நீ?” என்று கேட்கிறோம். பாட்டியே ரசித்து எடுக்கச்சொன்ன அந்தப் படத்தை அவனிடம் காட்டுங்கள். பின்னலும் பாவாடையும் போட்டபோதும் அது அவனேதான் என்பதை அவன் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வான்; “ஆம்பளப் பிள்ளை அழலாமா?” என்று கேட்க வரும் தாத்தாவுக்கும் கொஞ்சம் தயக்கம் வரும்.

சமையலறையில் கவனிக்க வேண்டிய சொல் ‘ஹெல்ப்’. அப்பா ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்து அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணினார் என்றால், மற்ற ஆறு நாள் வேலையும் அம்மாவுடையது என்றாகிறது. “இன்னிக்கு அப்பா முறை” என்பது வேறு சேதி. ஆனால் திங்கள், செவ்வாயிலும் அந்த முறை வந்தால்தான் குழந்தை அதை நம்பும். கேரளத்தில் 2024ஆம் ஆண்டு வந்த மூன்றாம் வகுப்புப் பாடநூல், தேங்காய் துருவும் அப்பாவைப் படமாகவே போட்டுவிட்டது.

கதை சொல்லும்போது தமிழின் ஒரு வசதியைப் பயன்படுத்தலாம். “டாக்டர் வந்தாங்க, ஊசி போட்டாங்க, பஸ் டிரைவர் கூட்டிட்டுப் போனாங்க” என்று பேச்சு வழக்கில் சொன்னால் ஆணா பெண்ணா என்பது வெளியே தெரியாது. கதை முடிந்ததும், “அந்த டாக்டர் எப்படி இருந்தாங்க? வரைஞ்சு காட்டு” என்று கேளுங்கள். மீசையோடு வரைந்தால் தவறு என்று சொல்லாமல், ஊசி போட்டுக்கொண்டபோது பார்த்த டாக்டரம்மாவை நினைவூட்டி, அடுத்த கதையில் அவரையே டாக்டராக்குங்கள். அடுத்த படத்திலும் மீசை இருக்கலாம். பத்துக் கதை போகட்டும்.

ரோஜா நிறக் கவுன்தான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால் வாங்கிக் கொடுங்கள், அதைப் போட்டுக்கொண்டு மரம் ஏறவும் விடுங்கள். வண்ணப் பெட்டியில் அந்தக் குச்சியைப் ‘பீச்’ என்றே அழையுங்கள். ‘ஸ்கின் கலர்’ கேட்டால், “யாரோட ஸ்கின்?” என்று திரும்பக் கேட்டு, பழுப்புக் குச்சிகளை ஒவ்வொன்றாக அவள் கையருகே வைத்துப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் பொருந்தாவிட்டால், இரண்டைக் கலந்து தேய்க்கலாம்.